செல்லாக் காசும் காசு எந்திரமும்

காசு போட்டால் இயங்கும் எந்திரம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்கு ஒரு நொடிக்குள் விடை சொல்லியாக வேண்டும்: துளை வழியாக உள்ளே விழுந்தது காசுதானா? கடைக்காரர் இதே கேள்விக்குக் கண்ணால் பார்த்தும், விரலால் தடவியும், சந்தேகம் வந்தால் கல்மேல் சுண்டி ஓசை கேட்டும் விடை கண்டார். எந்திரத்துக்குத் தலையும் பூவும் தெரியாது. அச்சிட்ட ஆண்டும் அரசின் முத்திரையும் அதற்கு ஒன்றுதான். அதனால் அளக்க முடிந்தவை எடை, விட்டம், தடிமன், காந்தத்துக்குக் காட்டும் ஈர்ப்பு, மின்சாரத்தைக் கடத்தும் அளவு ஆகியவைதான். நாணயத்தின் மதிப்பு இவற்றில் எதிலும் இல்லை. அது அரசின் சட்டத்தில் இருக்கிறது. அளக்கப்படும் பண்புக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் காசு எந்திரங்களை ஏமாற்றிய தந்திரங்கள் அத்தனையும் பிறந்தன.

மனிதரை ஏமாற்றத் திருத்தப்படும் காசும், எந்திரத்தை ஏமாற்றத் திருத்தப்படும் காசும் வேறு வேறு வகை. 1883இல் அமெரிக்கா வெளியிட்ட புதிய ஐந்து சென்ட் நாணயத்தில் ஐந்தைக் குறிக்கும் ரோமானிய எழுத்து மட்டும் இருந்தது, ‘சென்ட்’ என்ற சொல் இல்லை. ஐந்து டாலர் பொற்காசின் விட்டமும் ஏறத்தாழ அதே அளவு. தங்க முலாம் பூசிய ஐந்து சென்ட்டுகள் கடைகளில் ஐந்து டாலராகப் புழங்கத் தொடங்கின. நாணயச்சாலை அதே ஆண்டு அச்சை மாற்றி ‘சென்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தது. இங்கே மாறியது நிறம் மட்டும். எடை பொற்காசுக்குப் பக்கத்தில்கூட வராது. தராசில் வைத்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும், கல்லாவில் அவசரமாகக் காசு வாங்கியவர் தராசைத் தேடவில்லை. எந்திரத்துக்கான திருத்தம் இதற்கு நேர்மாறு. முகம் எப்படி இருந்தாலும் கவலையில்லை, எடையும் அளவும் பொருந்தினால் போதும்.

காசின் ஓரத்தை நறுக்கி உலோகம் திருடுவது இவை இரண்டையும்விடப் பழைய தொழில். பொற்காசுகளைப் பையிலிட்டுக் குலுக்கி, உதிரும் தூளைச் சேர்ப்பவர்களும் இருந்தார்கள். ஓரத்தில் வரிப்பள்ளம் இடும் வழக்கம் வந்தது இந்தத் திருட்டைக் காட்டிக்கொடுக்கத்தான். 1696இல் இங்கிலாந்தின் பழைய வெள்ளிக் காசுகள் திரும்பப் பெறப்பட்டு மறுபடி அச்சிடப்பட்டன. அவ்வாண்டே நாணயச்சாலைப் பொறுப்புக்கு வந்த ஐசக் நியூட்டன் கள்ளக்காசுக்காரர்களைத் தேடிப் பிடிப்பதில் காட்டிய முனைப்பு, அவருடைய அறிவியலை மட்டும் அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும்.

எடை ஒன்றே சாட்சி

காசு எந்திரம் பற்றிய மிகப் பழைய குறிப்பு கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. அலெக்சாண்டிரியாவின் ஹீரோ, காற்றழுத்தக் கருவிகளைப் பற்றிய தம் நூலில், கோயிலில் புனித நீர் வழங்கும் கலம் ஒன்றை விவரிக்கிறார். ஐந்து திராக்மா காசைத் துளையில் போட்டால் அது நெம்புகோலின் ஒரு முனையில் உள்ள தட்டில் விழும். தட்டு தாழும்; மறுமுனை உயர்ந்து நீர்க்குழாயின் அடைப்பைத் திறக்கும். தட்டு சாய்ந்து காசு வழுக்கி விழுந்ததும் நெம்புகோல் பழைய நிலைக்குத் திரும்பி நீரை நிறுத்திவிடும். அழகான அமைப்புதான், ஆனால் அதன் முன் ஐந்து திராக்மாவும் அதே எடையுள்ள கூழாங்கல்லும் ஒன்று. பக்தர்கள் கல் போட்டார்களா என்று எங்கும் பதிவில்லை. கோயிலில் இருந்த எந்திரத்துக்குச் சோதனைக் கருவி தேவைப்படாதது இயல்பே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசு எந்திரம் கோயிலை விட்டுத் தெருவுக்கு வந்தது. 1880களில் பெர்சிவல் எவரிட் வடிவமைத்த அஞ்சலட்டை எந்திரங்கள் லண்டனில் நிறுவப்பட்டன. 1888இல் தாமஸ் ஆடம்ஸ் நிறுவனத்தின் சூயிங்கம் எந்திரங்கள் நியூயார்க்கின் உயர்மட்ட ரயில் நடைமேடைகளில் நின்றன. அடுத்த ஆண்டு, கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் கிரே அமைத்த காசுத் தொலைபேசி ஒரு வங்கிக் கட்டடத்தில் இயங்கத் தொடங்கியது. எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததுதான் இவற்றின் லாபம். அவற்றின் பலவீனமும் அதேதான். காசுத் துளையில் காகிதத்தையும் ஆரஞ்சுத் தோலையும் திணிக்கிறார்கள் என்று எவரிட்டே தம் காப்புரிமை ஆவணத்தில் குறைப்பட்டுக்கொண்டார்.

ஆள் இல்லாமை மட்டும் ஏமாற்றுக்குப் போதாது, ஏமாற்றுபவர் யாரென்று தெரியாமலும் இருக்க வேண்டும். இதை விளக்க நல்ல எடுத்துக்காட்டு பிரிட்டனின் காசு போடும் எரிவாயு மீட்டர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழிலாளர் வீடுகளில் பரவிய இந்த மீட்டரில் ஒரு பென்னியைப் போட்டுக் கைப்பிடியைத் திருப்பினால் குறிப்பிட்ட அளவு வாயு கிடைக்கும். பென்னி இதில் ஒரு சாவி போலவே வேலை செய்தது. கைப்பிடிக்கும் உள்ளே உள்ள பற்சக்கரத்துக்கும் இடையே அது அகப்பட்டு இரண்டையும் இணைக்கும். எடை தேவையே இல்லை. அதே அகலமும் தடிமனும் ஓரளவு உறுதியும் உள்ள எந்த வட்டும் போதும். ஆனால் மீட்டர் இருந்ததோ அவரவர் வீட்டுக்குள். பணம் எடுக்க வரும் ஊழியர் பெட்டியைக் குடும்பத்தார் முன்னிலையில் மேசைமேல் கொட்டி எண்ணுவார். தகர வட்டோ வெளிநாட்டுக் காசோ வந்தால் அதற்கு ஈடாக நல்ல காசு வாங்கிக்கொண்டுதான் போவார். ஆகவே வீட்டு மீட்டரில் செல்லாக் காசு என்பது ஏமாற்று என்பதைவிடக் கைமாற்று என்றே சொல்லலாம்.

இந்தக் கணக்கில் சிக்காத வட்டு ஒன்று உண்டு: பனிக்கட்டி. மீட்டர் காலத்துக் கதைகளில் பென்னி அளவில் உறையவைத்த பனி வட்டு அடிக்கடி தலைகாட்டுகிறது. வேலை முடிந்ததும் உருகிவிடும். பெட்டியில் மிஞ்சுவது ஈரமும் துருவும்தான். இயற்பியல் நோக்கில் கதை நம்பத்தக்கதே. அக்காலப் பென்னியின் விட்டம் ஏறத்தாழ 31 மி.மீ., எடை சுமார் 9.4 கிராம். அதே அளவுப் பனி வட்டு ஒரு கிராமைக்கூடத் தொடாது, ஏனெனில் பனியின் அடர்த்தி வெண்கலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஹீரோவின் தட்டை அதனால் அசைக்க முடியாது. எடை பார்க்காத மீட்டரை அசைக்கும்.

சரிவில் உருளும் வழக்கு

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்து சென்ட் நாணயம் எந்திரங்களின் பொதுக் காசாக ஆகிவிட்டிருந்தது. செம்பு முக்கால் பங்கும் நிக்கல் கால் பங்கும் கலந்த அந்த நாணயத்தின் எடை சரியாக 5 கிராம், விட்டம் 21.2 மி.மீ. அதே அளவில் ஈய வட்டு, பித்தளை வட்டு, இரும்பு வாஷர், மின்பெட்டிகளில் குழாய் நுழையத் தட்டி எடுக்கும் தகரத் துண்டு என்று கையில் அகப்பட்டதெல்லாம் துளைக்குள் போயிற்று. சான் ஃபிரான்சிஸ்கோவில் லிபர்ட்டி பெல் என்ற சூதாட்ட எந்திரத்தை உருவாக்கிய சார்லஸ் ஃபே போன்றவர்கள் முதலில் கையாண்ட தீர்வுகள் எளியவை. அவற்றில் ஒன்று, உள்ளே போன கடைசிச் சில காசுகள் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் வரிசையாகத் தெரியும்படி வைப்பது. எந்திரத்தால் முடியாததை மதுக்கடைக்காரரின் கண்ணிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். போட்டது ஈய வட்டானால் அது சன்னலைத் தாண்டும்வரை போட்டவர் நெளிய வேண்டியதுதான்.

பின்னர் வந்த போலிக்காசு விலக்கிகள் கண்ணை நம்பவில்லை. உள்ளங்கையளவு தகட்டுப் பெட்டிக்குள் ஒரு காசு மேலிருந்து கீழே விழுவதற்குள் நாலைந்து சோதனைகள் முடிந்துவிடும். மின்சாரம் வேண்டாம், ஈர்ப்பு விசையும் இரண்டொரு காந்தமும் போதும். இருபதாம் நூற்றாண்டின் எளிய கருவிகளில் இதற்கு நிகரான நுட்பம் கொண்டவை அதிகமில்லை. அதனால் காசின் பயணத்தைப் படிப்படியாகப் பார்ப்பது தகும்.

துளையே முதல் சோதனை: பெரிய காசும் தடித்த காசும் வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே விழுந்த காசை இரண்டு கைகள் கொண்ட ஒரு தொட்டில் தாங்கிக்கொள்ளும். விட்டம் குறைந்தால் கைகளுக்கு நடுவே நழுவித் திருப்பித் தரும் வழியில் போய்விடும். தொட்டிலின் மறுபுறம் எதிர் எடை இருக்கிறது. காசு போதிய எடையுடன் இருந்தால்தான் தொட்டில் சாய்ந்து காசை அடுத்த கட்டத்துக்கு விடும். வாஷர் என்றால் அதன் நடுத்துளையில் ஒரு சிறு கொக்கி மாட்டி நிறுத்திவிடும். இரும்பு வட்டை நிலைக்காந்தம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ‘காசைத் திருப்பு’ பொத்தானை அழுத்தும்போது ஒரு வழிப்பான் அதைச் சுரண்டிக் கீழே தள்ளும்.

அடுத்த சோதனைதான் உண்மையில் நுட்பமானது. சரிவில் உருளும் காசு ஒரு வலிய காந்தத்தின் முனைகளுக்கிடையே கடந்து போகிறது. காந்தப்புலத்தில் நகரும் எந்தக் கடத்தியிலும் சுழல் மின்னோட்டங்கள் எழும். அந்த ஓட்டங்கள் உண்டாக்கும் புலம், தன்னை உண்டாக்கிய நகர்வையே எதிர்க்கும். லென்ஸ் விதி சொல்வது இதைத்தான். கடத்துதிறன் கூடக்கூட எதிர்ப்பும் கூடும். தூய செம்பு வட்டு பசையில் மாட்டியதுபோல மெதுவாகும். பித்தளை ஓரளவு மெதுவாகும். செம்பு-நிக்கல் கலவையின் கடத்துதிறன் தூய செம்பினுடையதில் இருபதில் ஒரு பங்கு அளவே என்பதால் நல்ல ஐந்து சென்ட் காசு ஏறத்தாழ வேகம் குறையாமல் ஓடும். சரிவின் முனையிலிருந்து பாயும் காசு எங்கே விழுகிறது என்பது அதன் வேகத்தைப் பொறுத்தது. வேகம் குறைந்த செம்பும் பித்தளையும் அருகிலேயே விழுந்து திரும்பி வரும். நல்ல காசு தடுப்பு முளையைத் தாண்டி உள்ளே போகும்.

ஈயம் இந்தச் சோதனையை ஏமாற்றும், ஏனெனில் அதுவும் மோசமான கடத்திதான். அதற்காகவே ஒரு சிறு பட்டடை. மேலிருந்து விழும் கடினமான காசு பட்டடையில் மோதித் துள்ளி எதிரே உள்ள தடுப்பைத் தாண்டும். மென்மையான ஈயம் மோதிய இடத்திலேயே சோர்ந்து விழும். ஒரு சோதனையைத் தாண்டும் உலோகத்தை இன்னொன்று பிடித்துவிட வேண்டும் என்பதே இந்தப் பெட்டியின் தத்துவம். தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சோதனையும் உறுதியானதல்ல.

காசு எந்திரத்துக்கு வளைகிறது

போலியைத் தடுக்க வந்த கருவி நல்ல காசையே தடுத்த நிகழ்ச்சியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் செம்பு வெடிபொருள் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டதால், 1943இல் அமெரிக்கா ஒரு சென்ட் நாணயத்தைத் துத்தநாகம் பூசிய எஃகில் அச்சிட்டது. எஃகு காந்தத்தில் ஒட்டும். எந்திரங்களோ காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் போலி என்று வடிவமைக்கப்பட்டவை. அரசு அச்சிட்ட நல்ல காசை அவை திருப்பித் தள்ளின. மக்களோ அதைப் பத்து சென்ட் என்று நினைத்துக் குழம்பினர். மறு ஆண்டே செம்புக் கலவைக்குத் திரும்பினார்கள்.

காந்தத்தில் ஒட்டுவது போலி என்ற விதி எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. இந்தியாவில் 1990களிலிருந்து புழங்கிய ஒரு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் வகைத் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. ரயில் நிலையங்களில் எடை பார்த்துச் சிறு அட்டை தரும் எந்திரத்துக்கும், டீக்கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய்த் தொலைபேசிக்கும் முன்னால் அமெரிக்கச் சோதனைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தால் அது வந்த காசையெல்லாம் திருப்பித் தந்திருக்கும். எது போலி என்பது அந்தந்த நாட்டு நாணயச்சாலை எந்த உலோகத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைப் பொறுத்தது.

1943இல் எந்திரங்களைக் கேட்காமல் காசை மாற்றிய அமெரிக்க அரசு, 1965இல் எந்திரங்களைக் கேட்டே மாற்றியது. வெள்ளி விலை ஏறியதால் 90 விழுக்காடு வெள்ளி கொண்ட பத்து சென்ட், கால் டாலர் நாணயங்களை இனி அச்சிட முடியாத நிலை. மாற்றாக விலை குறைந்த செம்பு-நிக்கல் கலவை கையில் இருந்தது. ஆனால் வெள்ளிக் காசு நல்ல கடத்தி. காந்தத்தின் நடுவே நன்றாக மெதுவாகும். எந்திரங்கள் அந்த மெதுவான காசுக்கே பழகியிருந்தன. செம்பு-நிக்கலில் மட்டும் கால் டாலர் அச்சிட்டால் அது வேகமாகப் பாய்ந்து போலி என்று தள்ளப்படும். நாடெங்கும் உள்ள எந்திரங்களை ஒரே நாளில் மாற்ற முடியாது. பேட்டெல் ஆய்வு நிறுவனம் பல உலோகங்களைச் சோதித்துப் பரிந்துரை அளித்தது. முடிவில் வந்தது அடுக்குக் காசு: நடுவில் தூய செம்பு, இருபுறமும் செம்பு-நிக்கல் தோல். நடுச் செம்பின் உயர்ந்த கடத்துதிறன் தோலின் குறையை ஈடுசெய்தது. காசு வெள்ளியைப் போலவே காந்தத்தில் மெதுவாகியது. கால் டாலரின் எடை 6.25 கிராமிலிருந்து 5.67 கிராமாகக் குறைந்ததைத் தொட்டில்கள் பொறுத்துக்கொண்டன. கால் டாலரின் விளிம்பை உற்றுப் பார்த்தால் செம்பின் பழுப்புக் கோடு இன்றும் தெரியும். அந்தக் கோடு விற்பனை எந்திரங்களுக்காகப் போடப்பட்டது.

அதுவரை காசு எப்படியிருக்கிறதோ அப்படி எந்திரம் செய்யப்பட்டது. 1965க்குப் பின் எந்திரம் எப்படியிருக்கிறதோ அப்படிக் காசு செய்யப்பட்டது. நாணய வரலாற்றில் மன்னரின் உருவம் மாறியதைவிட இந்த மாற்றம் பெரிது.

காசே இல்லாத தந்திரங்கள்

போலிக் காசைத் தயாரிப்பது உழைப்பு. அதனால் நல்ல காசையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழியைத் தேடினார்கள். காசில் துளையிட்டு நூல் கட்டி, உள்ளே விட்டுக் கணக்கு ஏறியதும் இழுத்துவிடுவது இவற்றில் பழையது. மேலே வர விடாத ஒருவழித் தடுப்பு, நூலை அறுக்கும் கூரிய விளிம்பு, பின்னால் காசு கடக்கும் திசையை உணரும் இரட்டை ஒளிக்கண் என்று பதில்கள் வந்தன. 1980களில் வீடியோ விளையாட்டு எந்திரங்களில் அடுப்புப் பற்றவைக்கும் கருவியால் பொறி பாய்ச்சிக் கணக்கு ஏற்றிய சிறுவர்கள் இருந்தார்கள். குளிர்பான எந்திரத்தின் துளையில் உப்புநீர் ஊற்றியவர்களும் இருந்தார்கள். உப்புநீர் நல்ல கடத்தி என்பதால் மின்சுற்றுப் பலகையில் குறுக்கிணைப்பு ஏற்பட்டு, சில எந்திரங்கள் சில்லறையையும் பாட்டிலையும் கொட்டின; பலவற்றின் பலகை கருகியதுதான் மிச்சம். இதில் நுட்பம் எதுவும் இல்லை.

தொலைபேசியில் நிலைமை வேறு. அமெரிக்காவின் பழைய மூன்று துளைத் தொலைபேசியில் காசைப் பரிசோதித்தது இணைப்பகத்தில் அமர்ந்திருந்த பெண்ணின் காது. ஐந்து சென்ட் விழுந்தால் மணி ஒருமுறை ஒலிக்கும், பத்து சென்ட் விழுந்தால் இருமுறை, கால் டாலர் விழுந்தால் கனத்த ஓசையுடைய வேறொரு மணி ஒருமுறை. அவர் எண்ணி இணைப்பு கொடுப்பார். ஓசையே காசு என்றான பிறகு ஓசையைப் போலிசெய்தால் போதும். பக்கத்துத் தொலைபேசியில் காசு போட்டு இந்த வாய்க்குமிழில் கேட்கவைத்து, பிறகு அந்தக் காசைத் திரும்பப் பெறுவது ஒரு வழி. 1960களின் நடுவில் ஒற்றைத் துளைத் தொலைபேசிகள் வந்தபோது மணியின் இடத்தில் மின்னணு ஒலித்துடிப்புகள் வந்தன. அவற்றை உண்டாக்கும் சிறு பெட்டிகளும் பின்னாலேயே வந்தன. தொலைபேசி ஆர்வலர் வட்டாரத்தில் அவற்றுக்கு ‘ரெட் பாக்ஸ்’ என்று பெயர். காதை எந்திரமாக மாற்றியபோது ஏமாற்றும் கருவியும் எந்திரமாக மாறியது.

நியூயார்க் சுரங்க ரயிலின் கதை டோக்கனின் கதை. 1904 முதல் ஐந்து சென்ட்டாக இருந்த கட்டணம் 1948இல் பத்து சென்ட் ஆனது. இரண்டுக்கும் தனித்தனி ஒரே காசு இருந்ததால் சிக்கலில்லை. 1953இல் பதினைந்து சென்ட் ஆக்கியபோது சுழல்கதவின் துளையால் இரண்டு வகைக் காசுகளை வாங்க முடியவில்லை. டோக்கன் பிறந்தது இதனால்தான். நாட்டு நாணயத்தைக் கள்ளத்தனமாகச் செய்வது பெருங்குற்றம். பித்தளை டோக்கனைப் போன்ற வட்டைச் செய்வதோ பட்டறைக்காரருக்கு அரை மணி நேர வேலை. செய்யக்கூடத் தேவையில்லாத காலமும் வந்தது. 1980களின் தொடக்கத்தில் கனெக்டிகட் நெடுஞ்சாலையின் சுங்க டோக்கன் ஒன்று 17.5 சென்ட்டுக்கு விற்றது. அளவிலும் எடையிலும் அது நியூயார்க்கின் 75 சென்ட் டோக்கனை அப்படியே ஒத்திருந்தது. இரண்டு மாநில அதிகாரிகளும் ஆண்டுக்கணக்கில் கடிதச் சண்டை போட்டார்கள். நியூயார்க் தன் பெட்டிகளில் சேர்ந்த கனெக்டிகட் டோக்கன்களை அவர்களிடமே 17.5 சென்ட் வீதம் திருப்பிக் கொடுத்தது. 1985இல் கனெக்டிகட் அந்தச் சுங்கத்தையே எடுத்துவிட்டது. மறு ஆண்டு நியூயார்க் வெளியிட்ட புதிய டோக்கனின் நடுவில் காந்தத்தில் ஒட்டும் எஃகுப் பொட்டு இருந்தது. அமெரிக்க எந்திரங்களில் போலியின் அடையாளமாக இருந்த பண்பு இங்கே நல்லதின் அடையாளமாக ஆனது.

சுழல்கதவின் துளையில் காகிதம் திணித்துவைத்துவிட்டுத் தள்ளி நிற்பதும், பயணியின் டோக்கன் சிக்கி அவர் சலித்துப் போனபின் துளையில் வாய்வைத்து உறிஞ்சி டோக்கனை எடுப்பதும் நியூயார்க்குக்கே உரிய திருட்டு. மிளகாய்த்தூளைத் துளையில் தூவிவைத்து எதிர்த்தார்கள் நிலைய ஊழியர்கள். 2003இல் டோக்கன் ஒழிந்தபோது இந்தத் தொழிலும் ஒழிந்தது.

கம்பிச்சுருள் பார்ப்பது

1970களிலிருந்து தொட்டிலும் பட்டடையும் போய்க் கம்பிச்சுருள்கள் வந்தன. மாறு மின்னோட்டம் பாயும் சுருளின் அருகே காசு கடக்கும்போது அதில் சுழல் மின்னோட்டங்கள் எழுந்து சுருளின் மின்பண்பை மாற்றும். அந்த மாற்றம் காசின் உலோகத்துக்கும் அளவுக்கும் ஏற்ப வேறுபடும். பழைய காந்தச் சோதனையின் அதே இயற்பியல்தான். இப்போது காசு எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்குப் பதிலாக எண்ணாக அளக்கிறார்கள். அதிர்வெண்ணை மாற்றினால் ஆழமும் மாறும். உயர் அதிர்வெண் காசின் மேல்தோலை மட்டும் தொடும், தாழ்ந்த அதிர்வெண் நடுவரை ஊடுருவும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், முலாம் பூசிய போலியும் அடுக்குக் காசும் பிரிந்து தெரியும்.

இந்தக் கருவிகளும் அளவுகோல் எவ்வளவு இறுக்கமாக வைக்கப்படுகிறதோ அவ்வளவே நம்பத்தக்கவை. புழங்கித் தேய்ந்த நல்ல காசும் ஏற்கப்பட வேண்டும் என்பதால் ஒவ்வொரு அளவிலும் சற்று இடம் விட்டாக வேண்டும். அந்த இடத்தில் வெளிநாட்டுக் காசு நுழையும். இரண்டு யூரோ நாணயத்தின் எடை 8.5 கிராம், விட்டம் 25.75 மி.மீ. தாய்லாந்தின் பத்து பாட் நாணயம் அதே எடை, 26 மி.மீ. 2005இல் வந்த துருக்கியின் புதிய ஒரு லிரா அதே எடை, 26.15 மி.மீ. மூன்றுமே இரு நிற உலோகக் காசுகள். ஐரோப்பாவில் சில எந்திரங்கள் இவற்றை ஏற்றன. ஆனால் இரண்டு யூரோவின் நடுவட்டில் நிக்கல்-பித்தளைத் தோல்களுக்கிடையே ஒரு நிக்கல் அடுக்கு ஒளிந்திருக்கிறது. நிக்கல் காந்தப் பண்புடையது. எனவே நல்ல காசு நடுவில் மட்டும் லேசாகக் காந்தத்துக்கு இசையும். இதைக் கவனிக்கும்படி சரிசெய்யப்பட்ட எந்திரம் பாட்டையும் லிராவையும் தள்ளிவிடும்.

அரை கிராம்

திருத்தப்பட்ட காசுகளின் வரலாற்றில் மிகச் சீரான, மிகப் பெரிய நிகழ்ச்சி நடந்தது ஜப்பானில். 1982இல் ஜப்பான் 500 யென் நாணயத்தை வெளியிட்டது. அதே ஆண்டு தென்கொரியா 500 வான் நாணயத்தை வெளியிட்டது. இரண்டும் 26.5 மி.மீ. விட்டம், இரண்டும் முக்கால் செம்பு, கால் நிக்கல். மதிப்போ, 1990களின் இறுதியில், வானுடையது யென்னுடையதில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. கடத்துதிறன், காந்தம், விட்டம் என்று எந்திரம் அளக்கும் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. வேறுபாடு எடையில் மட்டும்: யென் 7.2 கிராம், வான் 7.7 கிராம்.

அந்த அரை கிராமை எடுத்துவிட்டால் போதும். செம்பு-நிக்கல் கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.9 கிராம். அரை கிராம் என்பது 56 கன மில்லிமீட்டர் உலோகம். 8 மி.மீ. துளைக்கருவியால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்துக்கு ஒரு பள்ளம் குடைந்தால் கணக்கு முடிந்தது. அல்லது சிறிய குழிகள் சிலவற்றைக் குடையலாம். காசு முழுவதும் துளைபடத் தேவையில்லை. ஜப்பானிய எந்திரங்களில் அகப்பட்ட வான் காசுகளின் முகத்தில் அம்மைத் தழும்புபோல இந்தக் குழிகள் இருந்தன. எந்தக் குழந்தையிடம் கொடுத்தாலும் இது யென் இல்லை என்று சொல்லும். பறவை உருவம் பொறித்த கொரியக் காசு அது, குடையப்பட்டது வேறு. எந்திரத்துக்கு அது 500 யென்.

பொருளை வாங்கக்கூட வேண்டியதில்லை. காசைப் போட்டுவிட்டுத் திருப்பித் தரும் நெம்புகோலை அழுத்தினால், அக்கால எந்திரங்கள் பல, போட்ட அதே காசைத் தராமல் சில்லறைக் குழாயில் ஏற்கெனவே அடுக்கியிருந்த காசிலிருந்து ஒன்றைத் தந்தன. குடைந்த வான் உள்ளே போகும்; நல்ல யென் வெளியே வரும். எந்திரம் விற்பனைக்குப் பதிலாக நாணய மாற்று நிலையமாக வேலை செய்தது, பத்து மடங்கு லாபகரமான விகிதத்தில். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தானியங்கி எந்திரங்கள் தெருவெங்கும் நின்ற நாட்டில் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்று விளக்க வேண்டியதில்லை. போட்ட காசையே தனியே நிறுத்திவைத்து அதையே திருப்பும் அமைப்பு பின்னர் வந்தது. சில இடங்களில் 500 யென் காசை எந்திரம் ஏற்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நாணயச்சாலையின் பதில் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்தது. விட்டம் மாறவில்லை, உலோகம் மாறியது: 72 விழுக்காடு செம்பு, 20 விழுக்காடு துத்தநாகம், 8 விழுக்காடு நிக்கல். கடத்துதிறன் வேறாகிவிட்டதால் வானை எவ்வளவு குடைந்தாலும் பயனில்லை. எடையைத் திருத்தலாம், உலோகத்தின் உள்ளியல்பைத் துளைக்கருவியால் திருத்த முடியாது. எடை 7.0 கிராமாகக் குறைக்கப்பட்டது. ஓரத்தில் சாய்வான வரிப்பள்ளங்களும், சாய்த்துப் பார்த்தால் பூச்சியங்களுக்குள் தெரியும் மறை எழுத்துகளும் சேர்ந்தன. இவை மனிதக் கண்ணுக்கு. உலோக மாற்றம் எந்திரத்துக்கு. ஒரே காசில் இரண்டு வகைச் சாட்சிகளுக்கும் தனித்தனி அடையாளம் வைத்த நாணயம் அது.

2021 நவம்பரில் மூன்றாவது 500 யென் வந்தது. வெளிவளையம் நிக்கல்-பித்தளை, நடுவட்டு, செம்பைச் செம்பு-நிக்கல் தோல்களுக்கிடையே வைத்த அடுக்கு, எடை 7.1 கிராம்; ஓரத்தின் சாய்வரிகளில் சில மட்டும் இடைவெளி மாறியவை. போலிசெய்வது முன்னைவிடக் கடினம். ஆனால் ஒவ்வொரு எந்திரத்துக்கும் புதிய காசை அடையாளம் காட்டப் பணம் செலவாகும். காசு புழக்கமே குறைந்துவரும் காலத்தில் எந்திர உரிமையாளர்கள் பலர் அந்தச் செலவைத் தள்ளிப்போட்டார்கள். அதனால் அரசு அச்சிட்ட, ஒரு கீறல்கூட இல்லாத புதிய 500 யென் காசு வெளியான பிறகும் நெடுநாள் வரை, ஜப்பானின் பானம் விற்கும் எந்திரங்களிலும் உணவகச் சீட்டு எந்திரங்களிலும் போட்ட மறுநொடியே திரும்பி விழுந்துகொண்டிருந்தது.